எட்டு வயதுப் பிள்ளையின் ஒரு தவணை

அவுஸ்திரேலியாவிலே பாடசாலை ஆண்டு ஜனவரி மாதக் கடைசியில் அல்லது பெப்ரவரி மாதத் தொடக்கத்தில் ஆரம்பமாகி டிசம்பர் மாதத்தில் முடிவெய்துகின்றது. அவ்வாண்டு நான்கு தவணைகளாக வகுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு தவணையும் ஏறக்குறையப் பத்து வாரங்களைக் கொண்டது. தவணை தொடங்கும்போது, எந்த வகுப்பு எதனைக் கற்கவிருக்கின்றது என்பதைத் தெரிவிக்கும் சுருக்கமான குறிப்பொன்றைப் பெற்றோருக்கு அனுப்புவது அங்குள்ள ஆரம்பப் பாடசாலைகளின் வழக்கம். சமயம், ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், சமூகக் கல்வி எனத் தலைப்புக்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் கீழும் இரண்டு மூன்று வரிகள் இருக்கும். நீச்சல் வகுப்பு எந்த நாள், விளையாட்டுச் சீருடை எந்த நாள் என்பவற்றை மட்டும் குறித்துக்கொண்டு அக்குறிப்பை ஒதுக்கிவிடும் பெற்றோரும் உளர்.

மூன்றாம் நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் அவ்வாறு ஒதுக்கிவிடுதல் நன்றன்று. இவ்விரு வகுப்புக்களையும் நடு ஆரம்பப் பிரிவு என்று அந்நாட்டார் வழங்குகின்றனர். எட்டு வயது முதல் பத்து வயது வரையிலான பருவம் இது. இதற்கு முன்னர்ப் பிள்ளை ஆசிரியரின் விரல் சென்ற வழியே எழுத்துக் கூட்டியது, சொன்னதை எண்ணியது, கற்பித்த செபத்தை ஒப்புவித்தது. இதற்குப் பின்னர்த் தானாகவே நூலை எடுத்து வாசித்து, தானாகவே கணக்கைத் தீர்த்து, தன் செயலுக்குத் தானே விடை கூறுதல் வேண்டும். பிறர் கையைப் பிடித்து நடந்த பிள்ளை அக்கையை விட்டு நடக்கத் தொடங்கும் இடம் இதுவே. கத்தோலிக்கப் பாடசாலை ஒன்றின் முதலாந் தவணையை எடுத்து நோக்கினால், வெவ்வேறாகத் தோன்றும் பாடங்கள் யாவும் இந்த ஒரு மாற்றத்தையே சுற்றி அமைந்திருத்தல் புலப்படும்.

தமிழ் மக்களுக்கும் இது அயலான செய்தியன்று. 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, அவுஸ்திரேலியாவில் வீட்டிலே தமிழ் பேசுவோர் 90,000க்கு மேற்பட்டோர் ஆவர். சிட்னி, மெல்பேண் ஆகிய பெருநகரங்களிற் குடியேறியுள்ள இலங்கைத் தமிழரின் பிள்ளைகள் பலர் அங்குள்ள கத்தோலிக்கப் பாடசாலைகளிற் கற்கின்றனர். யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ மட்டக்களப்பிலோ இருந்து தொலைபேசியில் உரையாடும் பாட்டனாருக்கும் பாட்டியாருக்கும் பேரப்பிள்ளை மூன்றாம் வகுப்பிற்கு ஏறிவிட்டான் என்பது தெரியும். அவ்வகுப்பில் அவன் என்ன கற்கின்றான் என்பது பெரும்பாலும் தெரிவதில்லை.

அந்நாட்டுக் கத்தோலிக்கப் பாடசாலைகளின் வரலாற்றைச் சிறிது அறிந்துகொள்ளுதல் அவற்றின் பாடங்களை விளங்கிக்கொள்ள உதவும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவுஸ்திரேலியக் குடியேற்ற நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சமயச் சார்பற்ற அரசாங்கக் கல்வியை நிறுவின. விக்டோரியாவில் 1872ஆம் ஆண்டிலும், நியூ சவுத் வேல்ஸில் 1880ஆம் ஆண்டிலும் அதற்கான சட்டங்கள் நிறைவேறின. சமயப் பாடசாலைகளுக்குக் கிடைத்துவந்த பொதுப்பணம் நின்றுபோயிற்று. கத்தோலிக்க ஆயர்களோ தம் பாடசாலைகளைக் கைவிட்டாரல்லர். அயர்லாந்திலிருந்தும் ஐரோப்பாவின் பிற நாடுகளிலிருந்தும் துறவற சபையினரை வரவழைத்து, அவர்தம் ஊதியமில்லா உழைப்பின் மேல் பாடசாலைகளை நிலைநிறுத்தினர்.

அந்நாட்டிலேயே தோன்றிய சபையும் ஒன்றுண்டு. மெல்பேணில் 1842ஆம் ஆண்டிற் பிறந்த மேரி மக்கிலொப் என்னும் அம்மையார், ஜூலியன் தெனிசன் வூட்ஸ் என்னும் குருவானவரின் துணையுடன், தென் அவுஸ்திரேலியாவின் பெனோலா என்னும் சிற்றூரிலே 1866ஆம் ஆண்டில் ஒரு பழைய குதிரைலாயத்தைப் பாடசாலையாக்கினார். புனித சூசையப்பர் சகோதரிகள் சபை அங்கேயே உருவாயிற்று. கட்டணம் செலுத்த இயலாத வறியவரின் பிள்ளைகளுக்குக் கற்பித்தலே அச்சபையின் நோக்கம். ஆயரோடு ஏற்பட்ட பிணக்கினால் 1871ஆம் ஆண்டில் அம்மையார் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார். அடுத்த ஆண்டே அவ்விலக்கு நீக்கப்பட்டது. 1909ஆம் ஆண்டில் மறைந்த அவர், 2010ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 17ஆந் திகதி புனிதராகப் பிரகடனஞ் செய்யப்பட்டார். அவுஸ்திரேலியாவின் முதலாவது புனிதர் அவரே. விலக்கப்பட்டவரே பின்னர்ப் புனிதரானார் என்னும் வரலாறு மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் மனத்தில் எளிதிற் பதிகின்றது. பெரியவர்களும் தவறுவர், தவறு திருத்தப்படலாம் என்பதை அவ்வரலாறு போதிக்கின்றது.

பொதுப்பணம் மீண்டும் கிடைத்த கதையும் சுவையானது. நியூ சவுத் வேல்ஸில் கோல்பேண் என்னும் நகரத்துக் கத்தோலிக்கப் பாடசாலை ஒன்றிற்கு மேலதிக மலசலகூடங்கள் வேண்டும் என்று அதிகாரிகள் பணித்தனர். அதற்குப் பணமில்லை. ஆகவே 1962ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அந்நகரத்துக் கத்தோலிக்கப் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டன. பிள்ளைகள் அரசாங்கப் பாடசாலைகளிற் சேர்வதற்கு அனுப்பப்பட்டனர். அத்தனை பேருக்கும் அங்கே இடமிருக்கவில்லை. ஒரு வாரத்தில் மறியல் முடிந்ததாயினும், அது எழுப்பிய கேள்வி முடியவில்லை. அடுத்த ஆண்டில் பிரதமர் மென்சீஸ் விஞ்ஞான ஆய்வுகூடங்களுக்கு உதவி வழங்க உறுதியளித்தார்; படிப்படியாக உதவி விரிந்தது. இலங்கையில் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றதை நினைவுகூர்வோர், அதே காலத்தில் அவுஸ்திரேலியா வேறு வழியிற் சென்றதை ஒப்புநோக்கலாம். இன்று அங்கே ஐந்து மாணவருள் ஒருவர் கத்தோலிக்கப் பாடசாலையிற் பயில்கின்றார். துறவியரின் இடத்திற் பொதுநிலை ஆசிரியரே பெரும்பாலும் கற்பிக்கின்றனர். கத்தோலிக்கரல்லாத பிள்ளைகளும் கணிசமான தொகையினர் உளர். சமயம் தவிர்ந்த பாடங்களில் அப்பாடசாலைகள் அரசாங்கப் பாடசாலைகள் பின்பற்றும் பாடவிதானத்தையே பின்பற்றுகின்றன. நாடு முழுவதற்குமான பாடவிதானத்தின் ஒன்பதாம் திருத்தம் 2022ஆம் ஆண்டில் வெளிவந்தது. மாநிலங்கள் அதனைத் தத்தமக்கு ஏற்பச் சிறிது மாற்றிக் கையாள்கின்றன.

இனித் தவணையின் பாடங்களுக்கு வரலாம். அவற்றுள் முதன்மையானது வாசிப்பு. பிள்ளையின் வாசிப்பு வளர்ச்சியைப் படிகளாக வகுத்துக் காட்டியவர் அமெரிக்கக் கல்வியறிஞர் ஜீன் சால் அம்மையார். 1983ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது நூலின் சாரத்தை இவ்வாறு சுருக்கலாம்: முதல் மூன்று வகுப்புக்களிலும் பிள்ளை வாசிக்கக் கற்கின்றது, அதன் பின்னர்க் கற்பதற்காக வாசிக்கின்றது. முதற்படியிலே எழுத்தை ஒலியாக்குதலே வேலை. நூலிலுள்ள சொற்கள் பிள்ளைக்கு முன்னரே தெரிந்தவை. இரண்டாம் படியிலோ நூல் புதிய செய்தியைப் புதிய சொற்களிற் கூறுகின்றது. எழுத்துக் கூட்டுவதிலேயே மனத்தின் வலிமை முழுவதையும் செலவிடும் பிள்ளைக்குப் பொருளை உணர வலிமை எஞ்சுவதில்லை. அத்தகைய பிள்ளை வாசிப்பில் மட்டும் பின்தங்குவதில்லை. கணிதத்தில் வினா விளங்காது. விஞ்ஞானத்தில் விளக்கம் விளங்காது. இரண்டாம் வகுப்பு வரை கெட்டிக்காரனாயிருந்த பையன் நான்காம் வகுப்பிலே சோம்பேறி எனப் பெயரெடுப்பதற்கு இது காரணமாதல் கூடும்.

ஆதலால் இத்தவணையின் ஆங்கிலப் பாடம் இருமுனைப்பட்டது. ஒருபுறம், தட்டுத்தடுமாறும் பிள்ளைகளை இனங்கண்டு எழுத்தொலிப் பயிற்சியை மீண்டும் முறையாக அளித்தல். மறுபுறம், சொற்களின் உட்பகுதிகளைக் காட்டுதல். டெலிபோன், டெலிவிஷன், டெலிஸ்கோப் என்னும் மூன்று சொற்களிலும் டெலி என்பது பொது. அது தொலைவைக் குறிக்கும் கிரேக்கச் சொல். இதனை ஒருமுறை அறிந்த பிள்ளை நான்காவது சொல்லொன்றைக் கண்டால் அஞ்சுவதில்லை. தொலைபேசி, தொலைக்காட்சி, தொலைநோக்கி எனத் தமிழும் அதே வழியிற் சென்றிருப்பதை வீட்டிலே பெற்றோர் காட்டுவாராயின், பிள்ளை இரண்டு மொழிகளையும் ஒருங்கே கற்றதாகும். வீட்டிலே தமிழ் பேசுவதால் ஆங்கிலம் கெடும் என அஞ்சுவோர்க்கு இதுவே தக்க விடையாம். ஒரு மொழியிற் பெற்ற சொல்லறிவு மற்றதற்கு ஏணியாகின்றது.

எழுத்திலும் மாற்றம் நிகழ்கின்றது. சென்ற ஆண்டில் விடுமுறையில் நடந்ததை நாலு வரியில் எழுதிய பிள்ளை, இவ்வாண்டில் தன் கருத்தை எழுதி அதற்குக் காரணங் கூறல் வேண்டும். பாடசாலையில் ஒவ்வொருவரும் மரமொன்றை நடவேண்டுமா என்பது போன்றதொரு பொருளை ஆசிரியர் கொடுப்பார். பிள்ளை முதலிலே தன் நிலையைச் சொல்லி, இரண்டு மூன்று காரணங்களைத் தனித்தனிப் பந்திகளில் விரித்து, இறுதியில் முடிவு கூறவேண்டும். காரணமின்றிப் பிடிவாதம் பிடித்தல் குழந்தையின் இயல்பு. காரணங்காட்டிப் பிறரை இணங்கச் செய்தல் வளர்ந்தவரின் இயல்பு. இடையிலுள்ள பாலத்தையே இப்பாடம் கட்டுகின்றது.

இவ்வாற்றல்களை நாடு முழுவதும் அளந்து பார்க்கும் பரீட்சையொன்றும் இத்தவணையிலே வருகின்றது. நாப்லன் என்னும் அப்பரீட்சை 2008ஆம் ஆண்டில் தொடங்கியது. மூன்றாம், ஐந்தாம், ஏழாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர் இதற்குத் தோற்றுகின்றனர். முன்னர் மே மாதத்தில் நடந்தது, 2023ஆம் ஆண்டு முதல் மார்ச் மாதத்துக்கு மாற்றப்பட்டது. வாசிப்பு, எழுத்து, மொழிமரபு, எண்ணறிவு என்பன அதன் பகுதிகள். மூன்றாம் வகுப்பார் எழுத்துப் பகுதியைத் தாளிலும் ஏனையவற்றைக் கணினியிலும் செய்கின்றனர். பெறுபேறு நான்கு தரங்களில் அறிவிக்கப்படும்.

இலங்கையின் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சையை மனத்திற் கொண்டோர் நாப்லனையும் அவ்வாறே கருதிவிடுதல் கூடும். அது பிழை. இதிலே சித்தி, சித்தியின்மை என்பன இல்லை. பாடசாலை அனுமதியை முடிவு செய்யவென்றோ பரிசுப்பணம் வழங்கவென்றோ இது ஏற்பட்டதன்று. எந்தப் பிள்ளைக்கு எங்கே துணை வேண்டும் என்பதை ஆண்டுத் தொடக்கத்திலேயே ஆசிரியர் அறிந்துகொள்ளுதற்குரிய அளவுகோல் அது. அளவுகோலுக்கு அஞ்சி எட்டு வயதுப் பிள்ளையை மாலைதோறும் தனி வகுப்புக்கு அனுப்பும் பெற்றோர், அப்பிள்ளைக்குப் பரீட்சை பற்றிய அச்சத்தையே முதலிற் கற்பிக்கின்றனர்.

கணிதத்தில் இத்தவணை பெரும்பாலும் இடப்பெறுமானத்துடன் தொடங்கும். நூறு வரையும் ஆயிரம் வரையும் எண்ணிய பிள்ளை இப்போது பத்தாயிரத்தைத் தொடுகின்றது. 3,582 என்பதில் ஐந்து என்னும் இலக்கம் ஐந்நூறைக் குறிப்பதையும், அதே இலக்கம் ஓரிடம் இடப்புறம் நகர்ந்தால் ஐயாயிரமாவதையும் அது கண்டுகொள்கின்றது. அடுத்துப் பெருக்கல். மூன்றாம் வகுப்பில் 3, 4, 5, 10 ஆகிய வாய்பாடுகளும், நான்காம் வகுப்பு முடிவதற்குள் பத்துப் பத்து நூறு வரை யாவும் மனத்தில் நிற்றல் வேண்டும் என்பது பாடவிதானத்தின் எதிர்பார்ப்பு.

முன்னாளிற் பிள்ளைகள் வாய்பாட்டை இராகத்தோடு ஓதி மனனஞ் செய்தனர். இன்றைய பாடசாலைகள் மனனத்தை விட்டுவிட்டன என்று எண்ணுவது தவறு. மனனத்துக்கு முன் விளக்கத்தை வைத்தன என்பதே உண்மை. ஆறு பொத்தான்கள் கொண்ட நாலு வரிசையைப் பிள்ளை அடுக்குகின்றது, இருபத்துநாலு. பலகையைத் திருப்பி வைத்தால் நாலு பொத்தான்கள் கொண்ட ஆறு வரிசை, அப்பொழுதும் இருபத்துநாலு. நாலாறு தெரிந்தால் ஆறு நாலைத் தனியே கற்கவேண்டியதில்லை. நாலேழு இருபத்தெட்டு என்று தெரிந்தவன் அதனை இரட்டித்தால் எட்டேழு ஐம்பத்தாறு என்பதைத் தானே பெறுகின்றான். மறந்தபோது மீண்டும் கண்டுபிடிக்கும் வழி தெரிந்திருப்பதால், மறதிக்கு அஞ்சவேண்டியதில்லை. எனினும் விளங்கினாற் போதும் என்று விட்டுவிடுதலும் தீது. வாய்பாடு நாவில் நில்லாத பிள்ளைக்கு அடுத்த ஆண்டின் வகுத்தலும் பின்னமும் பெருஞ்சுமையாகிவிடும்.

பணக்கணக்கிலே சுவையான ஒன்றுண்டு. அவுஸ்திரேலியாவில் ஒரு சத, இரண்டு சத நாணயங்கள் 1992ஆம் ஆண்டு முதல் புழக்கத்திலிருந்து நீக்கப்பட்டன. ஆயினும் கடையில் விலை 3 டொலர் 98 சதம் என்றே எழுதியிருக்கும். காசாகக் கொடுப்பவர் 4 டொலர் கொடுக்கவேண்டும். 3 டொலர் 92 சதமாயின் 3 டொலர் 90 சதம் கொடுத்தாற் போதும். அண்மையிலுள்ள ஐந்து சதத்துக்கு மாற்றுதல் என்னும் கணிதப் பாடம் இவ்வாறு கடைத்தெருவிலேயே காத்திருக்கின்றது. அட்டையினாலே பணஞ் செலுத்துதல் மிகுந்துவிட்ட இந்நாளில், பிள்ளையின் கையிலே சில நாணயங்களைக் கொடுத்துக் கடைக்கு அழைத்துச் செல்லுதல் நல்ல பயிற்சியாகும்.

முதலாந் தவணை அங்கே கோடைகாலத்தின் கடைக்கூறு. தொப்பியணியாத பிள்ளை வெயிலில் விளையாடலாகாது என்னும் விதி பாடசாலைகளில் உறுதியாக நிலவுகின்றது. மூன்றாம் வகுப்பின் விஞ்ஞானப் பாடத்தில் வெப்பம் ஓரங்கமாக உள்ளது. முற்றத்துத் தார்த்தரை, புற்றரை, மரநிழல் ஆகிய மூன்றிடத்தும் வெப்பமானியை வைத்துப் பிள்ளைகள் அளந்து, அட்டவணையிற் குறித்து, வேறுபாட்டுக்குக் காரணந் தேடலாம். சொக்கிலேற் உருகுவதும், மெழுகு மீண்டும் இறுகுவதும், வெப்பம் சேர்தலாலும் நீங்குதலாலும் பொருள் நிலைமாறும் என்பதைக் காட்டுகின்றன. நான்காம் வகுப்பார் நீர் ஆவியாகி முகிலாகி மழையாகும் சுழற்சியையும், ஓரிடத்து உயிர்கள் ஒன்றையொன்று உணவாகக் கொண்டு வாழும் தொடரையும் ஆராய்வர். ஆசிரியர் சொன்னார் ஆதலின் உண்மை என்பதிலிருந்து, அளந்து பார்த்தோம் ஆதலின் உண்மை என்பதற்குப் பிள்ளை நகர்தலே இப்பாடத்தின் பயன்.

சமூகக் கல்வியில் நான்காம் வகுப்பார் சந்திக்கும் வரலாறு எளிதன்று. 1787ஆம் ஆண்டு மே மாதத்தில் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறையிலிருந்து பதினொரு கப்பல்கள் புறப்பட்டன. சிறைக்கைதிகளும் காவற்படையினரும் அவற்றில் இருந்தனர். 1788ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 26ஆந் திகதி சிட்னிக் குடாவில் அவர்கள் கொடியேற்றினர். முன்னாளில் அவுஸ்திரேலியாவின் வரலாறு அந்த நாளிலிருந்தே கற்பிக்கப்பட்டது. இன்றைய பாடம் அதற்கு ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னே செல்கின்றது. கப்பல்கள் வந்தபோது அக்கண்டத்தில் 250க்கு மேற்பட்ட மொழிகள் பேசப்பட்டன. சிட்னிக் குடாவின் கரை காடிகல் மக்களின் நிலம். மெல்பேண் வுருண்ஜெரி மக்களின் நிலம். பாடசாலைக் கூட்டங்களின் தொடக்கத்தில் அந்நிலத்தின் ஆதிக்குடிகளை நினைவுகூரும் வாசகம் சொல்லப்படுகின்றது. அவ்வாசகத்தை முதல் வகுப்பிலிருந்தே மனனமாகச் சொல்லிவந்த பிள்ளை, அதன் பொருளை உணர்வது இவ்வகுப்புக்களிலேதான். ஒரே நிகழ்ச்சியைக் கப்பலிலிருந்து பார்த்தவனும் கரையிலிருந்து பார்த்தவனும் வெவ்வேறாகச் சொல்வர் என்பதையும் பிள்ளை இங்கே அறிகின்றது.

சமயபாடத்துக்கு வரும்போது, அதற்கு நாடு முழுவதற்கும் பொதுவான பாடவிதானம் இல்லை என்பதை முதலிற் குறிப்பிடல் வேண்டும். அந்தந்த மறைமாவட்டமே அதனை வகுக்கின்றது. முதலாந் தவணையிலே பெரும்பாலும் தபசுகாலம் வருகின்றது. விபூதிப் புதனன்று நெற்றியிற் சாம்பல் பூசிக்கொள்ளும் பிள்ளைகள், உயிர்த்த ஞாயிறு வரையிலான நாற்பது நாட்களின் கருத்தை அறிகின்றனர். வகுப்பறையின் செபமேசையில் விரித்த பச்சைத் துணி ஊதா நிறத் துணியாக மாறுகின்றது. கரித்தாஸ் அவுஸ்திரேலியா நிறுவனம் வழங்கும் சிறு அட்டைப்பெட்டி ஒவ்வொரு வகுப்பிலும் வீட்டிலும் வைக்கப்படுகின்றது. வறிய நாடுகளின் மக்களுக்கென அதிலே நாணயங்கள் சேர்கின்றன. பெற்றோர் இட்ட பணத்தினும், தான் வாங்கவிருந்த தின்பண்டத்தை விட்டு இட்ட சிறு நாணயமே தபசுகாலத்தின் பொருளைப் பிள்ளைக்கு நன்கு உணர்த்தும்.

இப்பருவத்தின் தலையாய சமயநிகழ்ச்சி முதற் பாவசங்கீர்த்தனம். ஒப்புரவு அருட்சாதனம் என்று இன்று வழங்கப்படுவதும் இதுவே. பல மறைமாவட்டங்களில் மூன்றாம் வகுப்பிலே பிள்ளைகள் இதனைப் பெறுகின்றனர். அதே ஆண்டிலோ அடுத்த ஆண்டிலோ முதல் நற்கருணை பெறுகின்றனர். முன்னாளில் நற்கருணைக்குப் பத்து, பன்னிரண்டு வயது வரையும் அதற்கு மேலும் காத்திருந்தனர். பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் 1910ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆணையினால் அவ்வயது ஏறக்குறைய ஏழாகக் குறைந்தது. நன்மை தீமையைப் பகுத்தறியும் வயது அதுவே என்பது அவ்வாணையின் கருத்து. இன்று இதற்கான ஆயத்தம் பங்கும் குடும்பமும் பாடசாலையும் சேர்ந்து செய்யும் பணியாகவுள்ளது. கத்தோலிக்கரல்லாத பிள்ளைகள் பாடத்தை மற்றவர்களோடு கற்பர், அருட்சாதனத்தைப் பெறுவதில்லை.

இதற்கென வகுப்பிலே கற்பிக்கப்படும் கதைகள் லூக்கா சுவிசேஷத்தில் உள்ளவை. வழிதவறிய ஆடு, வீட்டை விட்டோடித் திரும்பிய இளைய மகன், மரத்திலேறி நின்ற வரிவசூலிப்பவனான சக்கேயு ஆகியோரின் கதைகள் அவை. ஆசிரியர் கதையைச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்பார். இளைய மகன் திரும்பும் வழியில் என்ன எண்ணியிருப்பான்? மூத்த மகன் கோபித்தது நியாயமா? சக்கேயு மன்னிப்புக் கேட்டதோடு நின்றானா, எடுத்த பணத்தையும் திருப்பிக் கொடுத்தானா? தவறி நடந்தது வேறு, அறிந்து செய்தது வேறு என்பதைப் பிள்ளைகள் பிரித்தறிகின்றனர். தோழனின் பென்சிலைக் கைதவறி முறித்தவன் குற்றவாளியல்லன். முறித்துவிட்டு இல்லையென்றவன் பொய்யன். மன்னிப்புக் கேட்டலுக்கு மூன்று உறுப்புக்கள் உண்டு: செய்ததை ஒப்புக்கொள்ளுதல், வருந்துதல், இயன்றவரை ஈடுசெய்தல். மூன்றாவது இல்லாதபோது முதலிரண்டும் வெறுஞ்சொல்லாகும் என்பதைச் சக்கேயுவின் கதை தெளிவாக்குகின்றது.

இவ்விடத்தில் மறைக்கலாகாத செய்தியொன்றுண்டு. சமய நிறுவனங்கள் உட்படப் பல நிறுவனங்களிற் சிறுவர் பாலியற் கொடுமைக்கு உள்ளானதை ஆராய்ந்த அரச ஆணைக்குழு 2017ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இறுதி அறிக்கையை வெளியிட்டது. கத்தோலிக்கத் திருச்சபையின் தவறுகளும் அதிலே விரிவாக எடுத்துரைக்கப்பட்டன. சிறுவரின் பாவசங்கீர்த்தனம் திறந்த இடத்தில், வேறொரு பெரியவரின் பார்வைக்கு எட்டும் வகையில் மட்டுமே நடைபெறல் வேண்டும் என்பது அதன் விதந்துரைகளுள் ஒன்று. சிறுவரைக் காக்கும் நியமங்கள் இன்று பாடசாலைகள் யாவற்றையும் கட்டுப்படுத்துகின்றன. தம் உடலைப் பற்றிய உரிமை, பெரியவர் ஒருவர் மறைத்துவைக்கச் சொல்லும் இரகசியத்தை மறையாது சொல்லுதல், நம்பிக்கைக்குரியவர் எவரெவர் என்பன இப்பருவத்துப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்படுகின்றன. தன் தவறை ஒப்புக்கொள்ளக் கற்கும் பிள்ளை, பிறர் தனக்கிழைக்கும் தவறைத் தன்னுடையதென எண்ணிவிடாமலிருக்கவும் கற்றல் வேண்டும். இரண்டும் ஒரே தவணையிற் கற்பிக்கப்படுதல் மிகவும் பொருத்தமானது.

ஒப்புரவு என்னும் சொல்லைப் பிள்ளை மீண்டும் ஓரிடத்திற் காண்கின்றது. ஆலயத்தில் அருட்சாதனத்துக்கு வழங்கும் அதே ஆங்கிலச் சொல், ஆதிக்குடிகளுக்கும் ஏனையோருக்குமிடையே ஏற்படவேண்டிய நல்லிணக்கத்துக்கும் அந்நாட்டில் வழங்குகின்றது. இரண்டாந் தவணையில், மே மாதம் 27ஆந் திகதி முதல் ஜூன் மாதம் 3ஆந் திகதி வரை, அதற்கெனத் தேசிய வாரம் ஒன்று அனுட்டிக்கப்படுகின்றது. முதல் நாள், ஆதிக்குடிகளைக் குடித்தொகையிற் சேர்க்க வழிசெய்த 1967ஆம் ஆண்டு மக்கள் தீர்ப்பை நினைவூட்டுவது. கடைசி நாள், எடி மாபோ என்பவரும் அவர் தோழரும் தொடுத்த வழக்கில் அம்மக்களின் நிலவுரிமையை உயர் நீதிமன்றம் 1992ஆம் ஆண்டில் ஏற்றதை நினைவூட்டுவது. பெற்றோரிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஆதிக்குடிப் பிள்ளைகளிடம் 2008ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 13ஆந் திகதி பிரதமர் கெவின் றட் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அப்பிள்ளைகளுட் சிலர் திருச்சபைகள் நடத்திய விடுதிகளிலும் வைக்கப்பட்டிருந்தனர். ஒப்புக்கொள்ளுதல், வருந்துதல், ஈடுசெய்தல் என்று முதலாந் தவணையிற் கற்ற மூன்றையும் கொண்டு ஒரு நாட்டின் செயலையும் அளந்து பார்க்க அந்த எட்டு வயதுப் பிள்ளைக்கு இப்போது இயலும்.

இவற்றையெல்லாம் பாடசாலை மட்டுமே செய்து முடித்தல் அரிது. வீட்டாரிடம் ஆசிரியர் வேண்டுவதும் பெரிதன்று. நாள்தோறும் பதினைந்து நிமிடம் பிள்ளை உரக்க வாசிக்க ஒருவர் அருகிருந்து கேட்டல்; பிள்ளைக்குச் சிறிது கடினமான நூலைப் பெரியவர் வாசித்துக் காட்டல்; உணவருந்தும்போது இரண்டொரு வாய்பாட்டைக் கேட்டல்; தவறொன்று நேர்ந்தவிடத்து அடித்து அதட்டுவதற்கு முன் நடந்ததைச் சொல்ல இடங்கொடுத்தல். ஆங்கிலம் நன்கறியாத பாட்டியார் தமிழ்க்கதை ஒன்றைச் சொல்லி, அடுத்து என்ன நடந்திருக்கும் என்று கேட்பாராயின், வகுப்பிலே வாசிப்பாசிரியர் செய்யும் பணியில் ஒரு பகுதியை அவரும் செய்தவராவார். தொலைபேசி வழியாகவும் இது கூடும்.

உண்மை பேசினாற் கடுந்தண்டனை கிடைக்கும் என்று கண்ட பிள்ளை, பாவசங்கீர்த்தனப் பாடத்தை எத்துணை நன்றாக ஒப்புவித்தாலும் வீட்டிற் பொய்யே சொல்லும். எழுத்துக் கூட்டித் தடுமாறும்போது நகையாடப்பட்ட பிள்ளை நூலைத் தொட அஞ்சும். ஏப்பிரல் மாத அளவில் முதலாந் தவணை முடிந்து விடுமுறை தொடங்கும்போது, பெற்றோர் பரீட்சைப் பெறுபேற்றுக்குக் காத்திராமல் தாமே பார்க்கக்கூடியவை சில உண்டு. பிள்ளை கேளாமலே நூலொன்றைக் கையிலெடுக்கின்றதா? கடையில் மிச்சப் பணத்தைத் தானே எண்ணிப் பார்க்கின்றதா? கண்ணாடிக் குவளையை உடைத்துவிட்டால் தானாகவே வந்து சொல்லுகின்றதா? மூன்றுக்கும் ஆமென்று விடை கூறக்கூடிய வீட்டில், தவணையின் தொடக்கத்தில் வந்த குறிப்பின் வரிகள் தம் பயனைத் தந்துவிட்டன எனலாம். இல்லையென்று விடை வருமாயின், இன்னும் மூன்று தவணைகள் உள்ளன.